தேத்தண்ணி குடிக்காத துரை

1992 ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணி. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக்குள் ஒரு வெள்ளைக்காரன் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தான். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். பாட்டிக்கு வயது 70. வந்தவனுக்கு 19.

பாட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் காலத்தில் வெள்ளைத் தோல் லயத்துக்குள் வந்தால், ஒன்று யாருக்காவது சீட்டுக் கிழியும், இல்லாவிட்டால் கொசு மருந்து அடிப்பார்கள். எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் பங்குகளை வாங்கிக் குவித்து, பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியையே மலேசியா தன் கைக்குக் கொண்டுவந்த கதையைக் கோலாலம்பூரில் இன்னும் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். (எங்கள் தோட்டம் எந்தக் கம்பெனியுடையது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.) துரைமார் போய்விட்ட செய்தியைப் பாட்டியின் முதுகெலும்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாகூட, யார் எவர் என்று கேட்காமல் சலாம் போட்டுத் தடைக்கம்பைத் தூக்கிவிட்டிருக்கிறான். அதே தடைக்கம்பின் முன்னால் தொழிற்சங்கத்து ஆளை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தவன் அவன்.

வெள்ளைக்காரனுக்குப் பின்னால் இன்னொரு சைக்கிளில் ஒரு சீனப் பையன். இருவருக்கும் ஒரே உடுப்பு: வெள்ளை அரைக்கைச் சட்டை, டை, கறுப்புக் கால்சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. சிரம்பானிலிருந்து ஏழு மைல், அதில் கடைசி இரண்டு மைல் செம்மண். வந்து சேரும்போது வெள்ளைச் சட்டை காவியாகிவிட்டிருந்தது. லயத்துப் பிள்ளைகள் ‘சாமியார் வந்துட்டாரு’ என்று கத்தியதில் தப்பே இல்லை.

அவர்கள் மோர்மன் சபையின் ஊழியர்கள். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரின் மைத்துனர் சிரம்பானில் கடைவீட்டு மாடி ஒன்றில் நடந்த அவர்களுடைய ஞாயிறு கூட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவர் சொல்லி, டிரெசர் அழைத்து, அவர்கள் வந்தார்கள். அழைக்காத வீட்டுக்கு அவர்கள் போவதில்லை. இஸ்லாமியரிடையே மற்ற மதங்களைப் பரப்பக் கூடாது என்று நெகிரி செம்பிலான் தனிச் சட்டம் போட்டது அதற்கு முந்தைய ஆண்டு, 1991இல்தான். மலாய்க் கம்பத்தைத் தாண்டும்போது இருவரும் பக்கத்தில் திரும்பாமல், வாய் திறக்காமல் மிதிப்பார்களாம். எங்கள் லயத்துக்குள் நுழைந்த பிறகுதான் சிரிப்பார்கள். மதப் பிரச்சாரத்துக்குச் சட்டப்படி மிஞ்சியிருந்தவர்கள் நாங்கள். எங்களுக்கோ ஏற்கெனவே மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன், போதாததற்கு மாதம் ஒருமுறை வரும் கத்தோலிக்கப் பாதிரியார்.

பெயர்ப்பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டு அவனுடைய குடும்பப் பெயர் இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எல்டர் என்றால் மூப்பர். டிரெசர் அப்படியே அறிமுகப்படுத்தினார்: “இவர் மூப்பர்.” அப்பா அவனுடைய முகத்தைப் பார்த்தார். மீசை அரும்ப இன்னும் யோசித்துக்கொண்டிருந்த முகம். “மூப்பர்னா, இவரு அப்பாரு எங்க?” என்று கேட்டார்.

அன்று முதல் அக்டோபர் வரை, ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் நான் அவர்களுக்குச் சம்பளமில்லாத துபாஷி. எனக்கு 15 வயது, எஸ்.ஆர்.பி. பரீட்சை எழுதும் வருஷம். என் ஆங்கிலம் பரீட்சைத்தாளை விட்டு வெளியே வந்ததில்லை. அமெரிக்கன் இடாஹோ மாநிலத்துக்காரன்; ஆங்கிலத்தை மூக்கு வழியாகப் பேசுவான். சீனப் பையன் ஈப்போக்காரன். ஆகவே அமெரிக்கன் ஆங்கிலத்தில் சொல்வதை ஈப்போக்காரன் மலாயில் எனக்குச் சொல்வான், அதை நான் தமிழில் பாட்டிக்குச் சொல்வேன். கடவுளின் வார்த்தை இப்படி மூன்று கை மாறித்தான் எங்கள் திண்ணைக்கு வந்தது.

வழியில் சேதாரம் இருந்தது. 1820களில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றிலிருந்து பழைய எழுத்துகள் பொறித்த தங்கத் தகடுகளை எடுத்தார், அதிலிருந்து வந்ததே 1830இல் அச்சான மோர்மன் புத்தகம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆங்கிலத்தில் ‘பிளேட்ஸ்’. ஈப்போக்காரன் அதை மலாயில் ‘பிரிங் இமாஸ்’ என்றான். நான் ‘தங்கத் தட்டு’ என்றேன். பாட்டி, “தங்கத் தட்டுல சாப்பிட்ட மனுசனா? ரொம்ப வசதியான எடம் போல” என்றார். அமெரிக்கன் முகம் சுளித்து, கையால் மெல்லியதாகக் காட்டி, எழுதுவதுபோல் விரலை அசைத்தான். எனக்குப் பளிச்சென்று புரிந்தது: தட்டு இல்லை, தகடு. சொன்னேன். பாட்டி சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். “தகடா? மண்ணுக்குள்ள புதைச்சு வச்சதா? யாரு வச்சது, எந்தப் பூசாரி?” அதற்குப் பிறகு ஒரு மாதம், அவர்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் பாட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

‘பிற்காலப் பரிசுத்தவான்கள்’ என்று அவர்கள் சபையின் பெயரில் வருவதை நான் ‘பின்னால வந்த சாமியாருங்க’ என்று சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். சைக்கிளில் இரண்டாவதாக வந்த ஈப்போக்காரனைத்தான் நான் சொல்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எனக்கு மனப்பாடமாக இருந்தது. எத்தனை வீட்டில் மொழிபெயர்த்திருக்கிறேன்! காலை ஆறரைக்கு எழ வேண்டும். ஜெபம், உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, படிப்பு. பிறகு வெளியே. இரவு ஒன்பதரைக்குள் திரும்ப வேண்டும், பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குச் சினிமா இல்லை, தொலைக்காட்சி இல்லை, பெண் சிநேகம் இல்லை, நீச்சல் இல்லை. “கஷ்டமான வாழ்க்கைதான், ஆனால் மகிழ்ச்சியாக இருக்கிறோம்” என்று அமெரிக்கன் என் அம்மாவிடம் சொன்னான். அம்மா நாலரைக்கு எழுந்து, உலையேற்றி, ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, அந்தப் பிள்ளை கண்விழிக்கும் ஆறரைக்கு நெற்றி விளக்கோடு ஐம்பது மரம் வெட்டி முடித்திருப்பார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “ஆறரை வரைக்கும் தூங்க விடுறாங்களா? நல்ல கம்பெனிதான்” என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது இன்னொரு விதி. தூங்கும்போதும் ஒரே அறை. எங்கள் லயத்தில் கழிவறை வீட்டுக்குப் பின்னால் இருபது கஜம் தள்ளி. ஒருவன் போனால் மற்றவன் வாழைமரத்தடியில் டையுடன் காவல் நிற்பான். பெண்கள் அவர்களுக்கு ‘ஜோடி மாடு’ என்று பேர் வைத்தார்கள். ஆற்றில் குதித்துக்கொண்டிருந்த பையன்கள் அமெரிக்கனை வா வா என்று கூப்பிடும்போது அவன் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. 19 வயது, மலேசிய வெயில், கழுத்தில் டை.

சம்பளம் உண்டா என்று அப்பா கேட்டார். இல்லை. பின்னே செலவுக்கு? அவனுடைய சொந்தச் சேமிப்பும் குடும்பம் அனுப்பும் பணமும். சேமிப்பு எப்படி வந்தது? இடாஹோ உருளைக்கிழங்குக்குப் பேர்போன இடம்; அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள்; இவன் பத்து வயதிலிருந்து கிழங்கு பொறுக்கிச் சம்பாதித்திருக்கிறான். தோட்ட வேலை செய்த வெள்ளைக்காரன்! லயத்தில் அவன் மதிப்பு அன்று சற்று இறங்கி, பாசம் நிறைய ஏறியது. பாட்டி அதன்பிறகு அவனுக்கு எழுந்து நிற்கவில்லை. “கங்காணி முன்பணம் குடுத்துக் கூட்டியாருவான். கைக்காச குடுத்துட்டு வேலைக்கு வர்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

வீட்டுக்குக் கடிதம் வாரம் ஒருமுறை. தொலைபேசியில் அம்மாவிடம் பேசுவது வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இதைக் கேட்டு என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டிக்கு மட்டும் அதிசயமாக இல்லை. பாட்டி 1937இல், 15 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். அடுத்த வருஷமே இந்திய அரசு தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. 55 வருஷத்தில் ஊரிலிருந்து பாட்டிக்கு வந்தவை மூன்று கடிதங்கள். மூன்றும் சாவுச் செய்தி. “பேசாம இருந்தா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்னு சொல்லு” என்று என்னிடம் சொன்னார். சொன்னேன். அமெரிக்கன் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான்.

இனி தேத்தண்ணிக்கு வருகிறேன்.

1833இல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாக அவர்கள் சொல்லும் சுகாதாரக் கட்டளை ஒன்று உண்டு. மது, புகையிலை, ‘சூடான பானங்கள்’ கூடாது. சூடான பானம் என்றால் தேநீரும் காப்பியும் என்று சபை பிறகு வகுத்தது. முதல் நாள் அம்மா பால்மாவு போட்டு, சீனி தாராளமாகப் போட்டு, இரண்டு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றார்கள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. எங்கள் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கிராணி வீட்டு அம்மாள் ஒருவர் அந்த ரகம். அமெரிக்காவிலிருந்து இதற்காகவா வர வேண்டும்? அவர்கள் மதம் அப்படி என்று நான் விளக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. டிரெசர்தான் காப்பாற்றினார்: மைலோ கொடுக்கலாம். மைலோவும் சூடுதானே என்று கேட்டேன். ஈப்போக்காரன், மைலோ பரவாயில்லை என்றான். மலேசியாவில் எந்த மதத்துக்கும் மைலோவோடு சண்டை கிடையாது.

ரசம் வந்தபோது சிக்கலாயிற்று. அம்மா மிளகு ரசத்தைக் கிளாஸில் ஊற்றி, ஆவி பறக்கக் கொடுத்தார். சூடாக இருக்கிறது, பானமாகவும் இருக்கிறது. இருவரும் எழுந்து வாசலுக்குப் போய் ஆங்கிலத்தில் மெதுவாக ஆலோசித்தார்கள். தீர்ப்பு: ரசம் சூப் வகை, செல்லும். அமெரிக்கன் ஒரே மூச்சில் குடித்தான். அவனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள், அவனுக்குப் பரிசுத்த ஆவி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் கள் கூடாது, சம்சு சாராயம் கூடாது என்ற பகுதியை நான் மொழிபெயர்த்த அன்று லயத்துப் பெண்களிடம் உண்டான எழுச்சியை என்னால் விவரிக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் கம்பெனியே நடத்திய கள்ளுக்கடை இருந்தது. வெள்ளிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை கள், ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் புருஷனைப் பிடித்து உட்கார வைக்கும் எந்தச் சாமியும் அவர்களுக்குச் சம்மதம். “இன்னும் ஒரு அரைமணி நேரம் பேசச் சொல்லு தம்பி, கடை சாத்திருவான்” என்று எத்தனை அக்காமார் என் காதில் கெஞ்சியிருக்கிறார்கள்! நானும் என்னால் ஆனதைச் செய்தேன். அமெரிக்கன் இரண்டு வரி சொன்னால் நான் பத்து வரி சொல்வேன். மோர்மன் வேதத்தில் இல்லாத பல விஷயங்கள், முக்கியமாக நல்லதங்காள் கதை, அந்த மாதங்களில் எங்கள் லயத்தில் மோர்மன் வேதமாகச் சொல்லப்பட்டன.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு என்ற போதனை அப்பாவிடம் எடுபடவில்லை. உள்ளே போய்ச் சம்பளச் சீட்டை எடுத்துவந்து காட்டினார். சேமநிதிக்குப் பிடித்தது, சொக்சோ காப்புறுதிக்குப் பிடித்தது, சங்கச் சந்தா, கோயில் வரி, கடைக் கடன். “இதுல பத்துல ஒண்ணு எதுன்னு அந்தத் தம்பியையே கண்டுபிடிக்கச் சொல்லு.” கிழங்கு பொறுக்கியவன், கணக்குப் புரிந்தது. அந்தப் பாடத்தை அவன் திரும்ப எடுக்கவில்லை.

அவர்களுடைய போதனையின் மையமாக மூன்று கேள்விகள் இருந்தன. நாம் எங்கிருந்து வந்தோம்? ஏன் இங்கே இருக்கிறோம்? இங்கிருந்து எங்கே போகப் போகிறோம்? இந்த மூன்றையும் நான் பிசகில்லாமல் தமிழாக்கினேன், சுலபமான வாக்கியங்கள். அந்த வருஷம் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. சிப்பாங் பக்கம் பெரிய விமான நிலையம் வருகிறது, நீலாயில் நகரம் வருகிறது, லாபு வரை நிலம் தங்க விலை என்று கள்ளுக்கடையில் தினமும் ஒரு புதுச் செய்தி. அமெரிக்கன் கனிவான குரலில் மூன்றாவது கேள்வியை அப்பாவிடம் கேட்டான். அப்பா ஒரு பெருமூச்சு விட்டார்.

“எங்கிருந்து வந்தோம்னா சேலம் ஜில்லா. ஏன் இருக்கோம்னா மரம் வெட்ட. எங்க போகப் போறோம்னுதான் நாங்களும் மூணு மாசமா மானேஜர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கோம். இந்தத் தம்பிக்கு ஏதாவது தெரியுமாமா?”

அமெரிக்கனுக்குத் தெரிந்திருந்தது மரணத்துக்குப் பிந்தைய மூன்று மகிமையின் உலகங்கள். சூரியனைப் போன்றது, சந்திரனைப் போன்றது, நட்சத்திரத்தைப் போன்றது என்று படம் போட்டுக் காட்டினான். மூன்றில் எது இலவசம், எதற்கு முன்பணம் என்று அப்பா கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன், மொழிபெயர்த்தும் இருக்கலாம்.

செத்தவர்களையும் அவர்கள் விடுவதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்குப் பதிலாக, உயிரோடிருக்கும் சந்ததியார் கோவிலில் முழுக்குப் பெறலாம் என்பது அவர்கள் கொள்கை. அதனால்தான் வம்சாவளி தேடுவதில் அந்தச் சபைக்கு அப்படி ஒரு வெறி. சால்ட் லேக் நகரத்துக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து உலகத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளின் படச்சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு முழுக்கு என்று நான் சொன்னதும் பாட்டி சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் சிதறியது. “உசிரோட இருந்தப்பவே அந்த மனுசன் குளிக்க மாட்டாரே!” மாளயத்துக்குத் தாத்தாவுக்குப் பாட்டி வைக்கும் படையலில் கள்ளும் சுருட்டும் கட்டாயம் இருக்கும். அந்தத் தாத்தாவைக் கள் குடிக்காத சொர்க்கத்துக்கு அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை.

ஆனாலும் அவன் விட்டுப்போன நான்கு தலைமுறைப் படிவத்தைப் பாட்டி தள்ளவில்லை. கட்டம் கட்டமாக இருந்த அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு நானும் பாட்டியும் ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தோம். பாட்டி பெயர், தாத்தா பெயர், அவர் அப்பா பெயர். பிறந்த ஊர்: சேலம் ஜில்லா, ஆத்தூரைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம். பிறந்த தேதி: பெரிய மழையடித்த வருஷம். தாத்தாவின் அம்மா பெயர்: “அவுகள எல்லாரும் ‘ஏ புள்ள’ன்னுதான் கூப்பிடுவாங்களாம்.” மூன்றாவது தலைமுறையில் பாட்டி நின்றுவிட்டார். அதுவரை அந்தக் கேள்விகளை யாரும் பாட்டியிடம் கேட்டதில்லை. அரசாங்கம் அவரிடம் கேட்டதெல்லாம் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாளக் கார்டு எங்கே என்பது ஒன்றுதான். அன்று இரவு பாட்டி தூங்காமல் தம் அம்மாவின் அம்மா பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். வரவில்லை.

அக்டோபரில் அமெரிக்கனுக்கு மாற்றல் வந்தது. அவர்கள் ஓரிடத்தில் நிலைத்து இருப்பதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தலைவரிடமிருந்து உத்தரவு வந்தால் இரண்டு பெட்டியோடு கிளம்ப வேண்டும். அந்தச் சிங்கப்பூர்க்காரரின் எல்லைக்குள்தான் அப்போது இந்தியாவும் இருந்தது. 1993 தொடக்கத்தில்தான் பெங்களூரில் தனி நிர்வாகம் வந்தது. 1867 வரை வெள்ளைக்காரன் சிங்கப்பூரை இந்தியாவிலிருந்து ஆண்டான். இவர்கள் 1992 வரை இந்தியாவைச் சிங்கப்பூரிலிருந்து மேய்த்தார்கள். கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். விடைபெறும்போது அமெரிக்கன் அம்மாவிடம் ரசம் எப்படி வைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டான். எங்கள் லயத்தில் அவன் ஏழு மாதத்தில் முழுக்குக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. கள்ளை விட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மஞ்சள்காமாலை.

1996இல் தோட்டத்தை விற்றார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் என்பது 1980ஆம் ஆண்டின் விதி. அதன்படி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பாட்டி அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டார், லயத்திலேயே, தன் பாயிலேயே. அப்பாவின் மூன்றாவது கேள்விக்கு விடை ஐந்தாவது மாடியில் இரண்டறை மலிவு அடுக்குமாடி வீடாக வந்தது. நட்சத்திர மகிமைக்கும் கீழே.

இப்போது அந்த இடத்துக்குப் போனால் வாசலில் தடைக்கம்பு அப்படியே இருக்கிறது. காவலர் நேப்பாளி. உள்ளே வரிசை வரிசையாக மாடிவீடுகள், விலை ஆறு லட்சம் வெள்ளிக்கு மேல். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் பிள்ளைகள் சறுக்கு விளையாடுகிறார்கள். அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் பிறந்த இடத்தைப் பார்க்க என்று சொல்வதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கதை இத்தோடு நின்றிருக்கும், என் தங்கை இல்லாவிட்டால். திண்ணையில் ஒன்பது வயதில் உட்கார்ந்து மைலோ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் அவள். சிரம்பானுக்குக் குடிவந்த பிறகு, பதினெட்டு வயதில், தானே தேடிப்போய் அந்தச் சபையில் சேர்ந்தாள். அங்கேயே ஒரு தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். நான் மொழிபெயர்த்ததைக் கேட்டும் ஒருத்திக்கு விசுவாசம் வந்திருக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். அவளுடைய மகன், அதே 19 வயதில், அதே வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு வருஷ ஊழியத்துக்குக் கிளம்பினான். சபை அனுப்பிய ஊர், இங்கிலாந்து.

அம்மா கேட்டதும் இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டார். “துரைமாருங்க ஊருக்கா? அவங்களுக்கு நம்ம பையன் புத்தி சொல்லவா?”

புத்தி சொல்லத்தான். பயிற்சி லங்காஷயர் சோர்லி நகரத்தில். அங்கே அவர்களுடைய கோவிலும் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊர் பிரெஸ்டன். 1837இல் அமெரிக்காவிலிருந்து போன முதல் மோர்மன் ஊழியர்கள் வேலையைத் தொடங்கி, ரிப்பிள் ஆற்றில் முழுக்குக் கொடுத்த இடம். பஞ்சாலைத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 1850களின் தொடக்கத்தில் யூட்டாவில் இருந்ததைவிட பிரிட்டனில் மோர்மன்கள் அதிகம். அவர்களெல்லாம் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைத் தேற்ற லாபு பக்கத்துப் பால்வெட்டுக்காரரின் பேரன் போயிருக்கிறான்.

காலம் மாறிவிட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வீட்டோடு பேசலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். மகன் திங்கட்கிழமைதோறும் வீடியோவில் வருகிறான், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். ஆறு மாதம் தங்கை அழுதுகொண்டே பேசினாள். இப்போது திரையைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்கிறாள். ‘மோர்மன்’ என்று சொல்லாதீர்கள், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018இல் அவர்கள் தலைவர் கேட்டுக்கொண்டதால், நான் அந்தச் சொல்லை உபயோகித்தால் மருமகன் திருத்துகிறான். “பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மாமா.” பின்னால் வந்த சாமியார்கள் என்று நான் சொன்ன கதையை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அவன் பெயர்ப்பட்டையில் குடும்பப் பெயர் இருக்க வேண்டும். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆகவே தன் வாழ்நாளில் கோலாலம்பூரைத் தாண்டாத என் மைத்துனரின் பெயரைச் சொல்லி மான்செஸ்டர் தெருக்களில் ‘எல்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் ரகசியப் பெருமை.

யாரும் கதவு திறப்பதில்லை என்பதுதான் மருமகனின் ஒரே குறை. மணியை அழுத்தினால் கதவில் இருக்கும் காமிரா முழித்துப் பார்க்கிறது, உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் குறைகிறது, அவ்வளவுதான். ஒருநாள் மழையில் முப்பது வீடு. எங்கள் லயத்தில் கதவு சாத்திப் பார்த்ததில்லை. சாத்தினால் சாவு வீடு என்று அர்த்தம். அவனைப் பார்த்து யாராவது எழுந்து நின்றார்களா என்று அம்மா கேட்டார். பேருந்தில் ஒரு பாட்டி எழுந்து வேறு இருக்கைக்குப் போனார் என்றான்.

கைப்பேசியில் வம்சாவளி தேடும் வசதியை அவன்தான் எனக்கு இறக்கிக் கொடுத்தான். 1999இலிருந்து அவர்கள் இணையத்தில் நடத்துவது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் ஏடுகளைக்கூட 1977இலிருந்து படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா காசிக்கும் போகவில்லை, ஹரித்வாருக்கும் போகவில்லை. ஆத்தூர் ஓடையைத் தாண்டியவர் நேராக நாகப்பட்டினம் போனார். தேடிப் பார்த்தேன். “இதுபோன்ற பெயர் கொண்டவர்கள்” என்று ஃபிஜியையும் நெட்டாலையும் காட்டுகிறது. 1992இல் பாட்டியும் நானும் நிரப்பிய தாளிலிருந்து மூன்று தலைமுறையையும் ஏற்றிவிட்டேன். பிறந்த தேதிக் கட்டத்தில் ‘பெரிய மழையடித்த வருஷம்’ என்று எழுதினால் வாங்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் மருமகனுக்கு ஒரு கதவு திறந்தது. எண்பது வயதைத் தாண்டிய அம்மையார். மழையில் நனைந்து நின்ற இரண்டு பிள்ளைகளைப் பார்த்து மனமிரங்கி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றதும், உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே என்றார். பிறகு சமையலறைக்குப் போய், பூப்போட்ட கோப்பையில், பால் ஊற்றி, ஆவி பறக்க, தேநீர் கொண்டுவந்து வைத்தார். இவன் வேண்டாம் என்றான். நாங்கள் குடிப்பதில்லை என்றான். அவர் கோப்பையையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தாராம். அடுத்த வாரம் போனபோது திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை.

“நம்ம வீட்டுல மைலோ இருந்துச்சு” என்று தங்கை திரையைப் பார்க்காமல் சொன்னாள்.

வருகிற செப்டம்பரில் ஊழியம் முடிந்து வருகிறான். தங்கை இப்போதே இரண்டு கிலோ மைலோ பொட்டலம் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அம்மா மிளகு காயப்போட்டிருக்கிறார்.